பாட்டில் கழுத்துக்கு ஓர் அளவு வைத்தீர்கள், அதன் அடிக்கும் ஒன்று வையுங்கள்

கிரீம், ஷாம்பு, லோஷன், ஃபவுண்டேஷன் என்று எதையாவது பாட்டிலில் அடைத்து விற்கும் கம்பெனிக்காரர்களுக்கும், அந்தப் பாட்டிலை வரைந்து கொடுக்கும் டிசைனர்களுக்கும், அதை ஊதி எடுத்துக் கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். பார்லர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு நாற்காலி, ஃபேஷியலுக்கு ஒரு கட்டில், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, அதன் கீழே ஒரு ஷெல்ஃப், அவ்வளவுதான் கடை. முகூர்த்த மாதங்களில் மணப்பெண் அலங்காரத்துக்கு வெளியூர் போவேன், காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, சில சமயம் காரிமங்கலம் தாண்டி தருமபுரி வரைக்கும். உங்கள் சரக்கு நல்லதா, விலை நியாயமா, விளம்பரத்தில் சொன்னபடி ஏழு நாளில் முகம் பளபளக்கிறதா என்பதெல்லாம் இந்த மடலில் வராது. பாட்டிலைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். விளம்பரத்தில் நடிகையின் கையில் ஒரே ஒரு பாட்டில் இருக்கிறது, அதற்கு உலகத்தில் வேறு துணையே கிடையாது என்பதுபோல. என் ஷெல்ஃபில் அது இன்னும் பத்துப் பதினைந்து கம்பெனிகளின் பாட்டில்களோடு இடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, நீங்கள் வடிவமைக்கும்போது அந்த மற்ற பாட்டில்களைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை என்பதுதான் என் புகார்.

ஒன்று உருண்டை, ஒன்று முட்டை வடிவம், ஒன்று அடியில் குறுகி மேலே அகலம், ஒன்றின் மூடி குவிந்து இருப்பதால் அதன் மேல் ஒரு பொட்டு அட்டையைக்கூட வைக்க முடியாது. பம்ப் வைத்த லோஷன் பாட்டில் பாதி காலியானதும் தலை கனத்துப்போய், துண்டின் நுனி பட்டால்கூடச் சாய்கிறது. பின்வரிசையில் இருக்கும் டோனரை எடுக்கக் கையை விட்டால் முன்வரிசையில் இருப்பது மூன்று விழும். இத்தனைக்கும் மேல் தட்டுக்கும் பாட்டில்களின் தலைக்கும் நடுவில் ஒரு ஜாண் இடம் சும்மாவே கிடக்கிறது, அங்கே எதையும் அடுக்க வழியில்லை. உருண்டைப் பாட்டில்களை வரிசையாக நெருக்கி நிறுத்தினால் தட்டின் பரப்பில் சுமார் 21 சதவீதம் இடுக்குகளாகவே போய்விடும், இது பள்ளிக்கூடத்து வட்டக் கணக்குதான், சதுரத்துக்குள் வட்டம் வரைந்து மிச்சத்தைப் பார்த்தால் தெரியும். ஒன்றுவிட்டு ஒன்றாக இடுக்கில் செருகி அடுக்கினாலும் 9 சதவீதம் போகும். தட்டின் நீளம் மாறாது, வாடகையும் குறையாது.

கல்யாண வீட்டுக்குப் போகும்போது இது இன்னும் மோசம். விடியற்காலை முகூர்த்தம் என்றால் நடுராத்திரியிலேயே கிளம்பி, மண்டபத்தில் மணமகள் அறை என்று ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். மேக்கப் பெட்டிக்குள் கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பஞ்சு, பழைய துப்பட்டா, ஹேர் பேண்டு எல்லாம் இடுக்குகளில் அடைத்துக்கொண்டு போகிறோம். இந்தத் தொழிலில் இருக்கும் எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், பெட்டிக்குள் ஃபவுண்டேஷன் கொட்டிய கதை ஒன்று இருக்கும்.

பார்லர்காரிகளுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று நினைத்தால் ஓசூருக்கு வாருங்கள். அங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலிலும் வாடகை அறைகளிலும் நாலு பேர் ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது புருவம் திருத்த என்னிடம் வருவார்கள். ஆளுக்கு ஒரு தட்டுதான் அங்கே, அதில் துணி, புத்தகம், சார்ஜர், மாத்திரை, பாட்டில் எல்லாம் அடங்க வேண்டும். குளியலறை பொது. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷாம்பு, கண்டிஷனர், ஃபேஸ்வாஷ், எண்ணெய், பாடி லோஷன் என்று அத்தனையையும் பக்கெட்டில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், குளித்து முடித்து ஈரக் கையோடு மறுபடி பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். "அக்கா, ஒரு கைப்பிடி மட்டும் இருந்தா போதும், எல்லாத்தையும் ஒண்ணா தூக்கிட்டு வந்துடுவேன்" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் கேட்டது புதிய கிரீம் இல்லை பாருங்கள்.

இனி உங்கள் தொழிலுக்குள்ளேயே வருகிறேன்.

ஒரு கம்பெனியின் பாட்டில் பம்ப் உடைந்துபோனால், காலியான வேறு கம்பெனிப் பாட்டிலின் பம்பைக் கழற்றித் திருகிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் சரியாக உட்கார்ந்துவிடும். இது ஏதோ அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓசூரில் மோல்டிங் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்கார அண்ணன் ஒருவர்தான் விளக்கினார். பாட்டில் கழுத்துக்கு உலகம் முழுக்க ஒரு பேச்சு இருக்கிறது, 24/410 என்றால் மரையின் வெளி விட்டம் 24 மில்லிமீட்டர், 410 என்பது மரை ஒன்றரைச் சுற்று. 400 என்றால் ஒரு சுற்று, 415 என்றால் இரண்டு சுற்று. 20/410, 24/410, 28/410 என்று சொன்னால் பம்ப் செய்பவரும் பாட்டில் செய்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே பொருந்துகிற மாதிரி செய்துவிடுவார்கள். போட்டிக் கம்பெனிகள்தான், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள்தான், ஆனால் கழுத்து விஷயத்தில் எல்லோரும் ஒரே பேச்சு. ஏனென்றால் அதில் உங்களுக்கு லாபம் இருந்தது, பம்பை மொத்தமாக மலிவாக வாங்கலாம். அடிப்பக்கத்துக்கு அப்படி ஒரு பேச்சு ஏன் இல்லை என்று அண்ணனைக் கேட்டேன். "அடிப்பக்கம், வாங்குறவங்களோட பிரச்சினை, அதுக்கு யாரு பேசுவாங்க" என்றார்.

அதனால் நானே பேசுகிறேன். எனக்குத் தோன்றும் கணக்கு இது. அடிக்கு 5 செ.மீ. சதுரம் என்று ஓர் அளவு வையுங்கள், மூலைகள் மழுங்கலாக. அதை முழு என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, ஐந்துக்கு இரண்டரை, அரை. அதிலும் பாதி, இரண்டரைக்கு இரண்டரை, கால். 200 மில்லி ஷாம்பு முழு அடியில் நின்றால் உள்ளே 8 செ.மீ. உயரம் போதும். 100 மில்லி டோனரை அரை அடியில் வைத்தால் அதற்கும் அதே 8 செ.மீ. 30 மில்லி ஃபவுண்டேஷன் கால் அடியில் நின்றால் 5 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சுவரின் தடிமனையும் தோள் சரிவையும் சேர்த்தால் எல்லாம் சற்றே கூடும், கூடட்டும். முழு ஒன்று நிற்கும் இடத்தில் அரை இரண்டு நிற்கும், கால் நான்கு நிற்கும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். கால் அளவில் 24 கழுத்து வைத்தால் தோளே இருக்காது, 18 அல்லது 20 வைத்துக்கொள்ள வேண்டும், அது உங்களுக்குத் தெரியாததில்லை. அளவு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் இல்லை, 5 இல்லாவிட்டால் 6 வையுங்கள், எல்லோரும் ஒன்றையே வையுங்கள் என்பதுதான் கோரிக்கை.

பாட்டில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பூட்டையும் கம்பெனிக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் பழைய கதைதான். உங்கள் ஐந்து பாட்டில்கள் உங்களுக்குள் மட்டும் அழகாக ஒட்டிக்கொள்ளும், பக்கத்து வீட்டுப் பாட்டிலோடு சேராது. அப்படி ஒரு செட் வாங்கினால் அந்தக் கம்பெனியை விட்டு நகர முடியாது என்பது உங்களுக்கு இனிக்கலாம். எங்களிடம் ஷாம்பு ஒரு கம்பெனி, சீரம் ஒரு கம்பெனி, மை ஒரு கம்பெனி. ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் வாங்குகிறவர்களை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. இப்போதே ஃபேஷியல் கிட்டில் கிளென்சர், ஸ்கிரப், ஜெல், கிரீம், பேக் என்று வரும் டப்பாக்கள் ஒரே அளவில் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று அழகாக உட்கார்கின்றன, அடுத்த கம்பெனி கிட் வாங்கினால் அரை செ.மீ. வித்தியாசத்தில் சறுக்குகிறது. அந்த அரை செ.மீ.யை எதற்காக வைத்தீர்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டுக்கு ஒரு காலையில் வந்து பாருங்கள். யார் யாரோ விவசாயிகள், எந்தெந்த ஊரிலோ வாங்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகள், நிறம்கூட ஒன்றில்லை, ஆனால் அடுக்கினால் ஒன்றின் விளிம்பில் அடுத்ததன் அடி இறங்கி உட்கார்ந்து, ஆள் உயரத்துக்கு மேல் போனாலும் லாரி ஆட்டத்தில் நகர்வதில்லை. கீழே இருக்கும் தக்காளியும் நசுங்குவதில்லை, பாரம் முழுக்க கிரேட்டின் சுவரில் இறங்குகிறது. கிலோ ஐந்து ரூபாய்க்கு விழுகிற தக்காளிக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, ஐநூறு ரூபாய் சீரத்துக்குக் கிடைக்கவில்லை.

சரி, எல்லாவற்றையும் மேலே மேலே அடுக்கிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. அடுக்கினால் அடியில் இருப்பதுதான் எப்போதும் தேவைப்படும், இதை எந்தச் சமையலறைப் பெண்ணும் சொல்வாள். தினமும் எடுக்கும் பொருள் அடுக்கில் இருக்கக் கூடாது. பம்ப் வைத்த பாட்டிலின் தலையில் எதையும் வைக்கவும் முடியாது. இன்னொன்று, ஐந்து செ.மீ. அடியில் எட்டு எட்டாக மூன்று ஏற்றினால் அரை முழம் உயரத்துக்கு ஒரு கம்பம் நிற்கும், கதவைச் சாத்தினாலே விழும். அதனால்தான் அடுக்குவதும் வேண்டும், பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வதும் வேண்டும் என்கிறேன். இரண்டு மூன்று அடுக்குகள் பக்கத்தில் பக்கத்தில் கோத்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று அண்டை கொடுக்கும், சாயாது. டப்பாவில் வரும் கிரீம், ஸ்கிரப், பேக், பவுடர் இதெல்லாம் அடுக்கப் பிறந்தவை. பம்ப் பாட்டிலும் ஸ்பிரேயும் வரிசையாகத் தோளோடு தோள் ஒட்ட வேண்டியவை.

எப்படி ஒட்டுவது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. நான் பாட்டிலின் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம் வைத்து, மேலிருந்து சறுக்கி இறக்கினால் கோத்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் சிரித்தார். பாட்டில்களை ஊதி எடுக்கிறார்கள், சூடான பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதி அச்சின் சுவரில் ஒட்ட வைக்கிறார்கள், உள்ளே அகன்று வாய் குறுகிய பள்ளத்தை அதில் எடுத்தால் அச்சு திறக்கும்போது பாட்டில் மாட்டிக்கொள்ளும், ஊதிய பாட்டில் ஆறும்போது சுருங்குவதால் அளவும் நூல் பிடித்த மாதிரி வராது என்றார். மூடி அப்படியில்லை, அது ஊசி அச்சில் பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்திச் செய்வது, அளவு துல்லியமாக நிற்கும். ஆகவே பூட்டு எல்லாம் மூடியிலும் வளையத்திலும் இருக்கட்டும், பாட்டிலின் அடியில் வெறுமனே ஓர் ஆழமில்லாத குழிவு போதும் என்று முடிவுக்கு வந்தோம். பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டிலின் அடி ஏற்கெனவே உள்ளே கொஞ்சம் குழிந்துதான் இருக்கிறது, நடுவில் ஒரு சின்ன முனையோடு, இல்லாவிட்டால் அது ஆடாமல் நிற்காது. அந்தக் குழிவை எல்லோரும் ஒரே அளவாக்க வேண்டும், மூடியின் தலையைத் தட்டையாக்கி அந்தக் குழிவில் இறங்குகிற மாதிரி ஒரு வரம்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான் அடுக்கும் வேலை.

பக்கவாட்டுக்கு வளையம். பெட் பாட்டில்களின் கழுத்தில் மரைக்குக் கீழே ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதன் கீழே மாட்டுகிற மாதிரி, வெளியில் 5 செ.மீ. சதுரமாக, ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் பள்ளமும் வைத்த வளையம் ஒன்று செய்தால் போதும். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டுமே இருக்க வேண்டும், ஆண் பெண் என்று தனித்தனியாகச் செய்து எங்களைத் தேட விடாதீர்கள். நடுவில் இருக்கும் பாட்டிலை மேலே இழுத்தால் மற்றவை அசையாமல் அது மட்டும் கழன்று வர வேண்டும், ஒரு கையால், எண்ணெய்க் கையால். இதற்குப் பாட்டில் அச்சு எதையும் மாற்ற வேண்டியதில்லை, கழுத்து அளவுதான் ஏற்கெனவே ஒன்றாக இருக்கிறதே. ஓசூர் பெண் கேட்ட கைப்பிடியையும் இதே வளையத்தில் மாட்டிக்கொள்ளலாம். வளையத்தின் முனை உங்கள் சொத்தாக வேண்டாம். வால்வோ கம்பெனி 1959-இல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தபோது, அதை மற்ற கார்க் கம்பெனிகளும் போட்டுக்கொள்ளட்டும் என்று காப்புரிமையைத் திறந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்கு அதைவிடக் கெடுபிடியா.

காந்தம் வைக்கலாமே என்று உங்களில் சிலர் இப்போதே படம் வரைய ஆரம்பித்திருப்பீர்கள். ஐ ஷேடோ பேலட்டில் அது நன்றாக வேலை செய்கிறது, உண்மைதான். பல கம்பெனிகளின் வட்டத் தட்டுகள் 26 மி.மீ. என்பதால் ஒரே காந்தப் பெட்டியில் கலந்து வைத்துக்கொள்ள முடிகிறது, தட்டு தகரமாக இருக்க வேண்டும், அலுமினியம் ஒட்டாது. ஆனால் அங்கே காந்தம் இருப்பது பெட்டியில், பெட்டி எங்களோடு பல வருடம் இருக்கும். பாட்டிலோ தீர்ந்ததும் குப்பைக்குப் போகிறது. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு காந்தத்தைப் புதைத்து வீசினால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் என்ன செய்வார்? ஏற்கெனவே பம்புக்குள் இருக்கும் இரும்புச் சுருளுக்கே அவர் எங்களைத் திட்டுகிறார். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளும் அதன் பிறகு 2022-இல் வந்த வழிகாட்டுதலும் நீங்கள் விற்ற பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உங்கள் தலையில்தான் வைத்திருக்கின்றன, ஆக இது உங்கள் கணக்குக்கும் ஆகாது. வளையத்தையும் மூடியையும் ஒரே பிளாஸ்டிக்கில் செய்யுங்கள், பாலிப்ரோப்பிலீன், அந்த முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்குமே, அது.

செய்யப் போகிறீர்கள் என்றால் இடறக்கூடிய இடங்கள் சில உண்டு. காற்றுப் புகாத பம்ப் பாட்டில் என்று விலையுயர்ந்த சீரத்துக்கு ஒன்று வைக்கிறீர்களே, அதில் அழுத்தும்போதெல்லாம் உள்ளே ஒரு தட்டு கீழிருந்து மேலே ஏறும், அது ஏற வேண்டுமென்றால் அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாக வெளிக்காற்று நுழைய வேண்டும். அந்த அடியை இன்னொரு மூடியின் மேல் இறுக்கமாகப் பூட்டிவிட்டால் பம்ப் நின்றுபோகும், வாடிக்கையாளர் சீரம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மிச்சத்தோடு தூக்கிப் போடுவார். குழிவின் வரம்பில் எங்காவது ஒரு சின்ன வெட்டு விட்டால் சரியாகிவிடும். நெயில் பாலிஷைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றச் சொல்லவில்லை, அதில் இருக்கும் எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் சில பிளாஸ்டிக்குகளையே கரைத்துவிடும், கண்ணாடியே இருக்கட்டும், அடியை மட்டும் கால் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மேடு பள்ளங்கள் ஆழமாக வேண்டாம், குளியலறையில் சோப்பு நுரையும் முடியும் சேர்ந்து அழுக்குப் பிடிக்கும், பல் துலக்கும் பிரஷால் தேய்க்கிற வேலையை எங்களுக்குக் கொடுக்காதீர்கள்.

தேதி அச்சடிக்கும் இடம் அப்புறம் வருகிறது, உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பேட்ச் எண்ணையும் தேதியையும் பாட்டிலின் அடியில் மங்கலாக அடிப்பது நிறையக் கம்பெனிகளின் வழக்கம். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி லேபிளில் இருந்தே ஆக வேண்டியது. அடுக்கிவிட்டால் அடி தெரியாது. என்னிடம் வரும் பெண்கள் இப்போதெல்லாம் கிரீமைத் தொடும் முன்பே தேதியைத்தான் கேட்கிறார்கள், அவர்கள் கேட்பது சரி. தேதியைப் பக்கவாட்டில் அடியுங்கள், பொருளின் பெயரை மூடியின் தலையிலும் சிறியதாகப் போடுங்கள். டிராயரிலும் பெட்டியிலும் நாங்கள் பார்ப்பது மூடியைத்தான், லேபிளை யாரும் பார்ப்பதில்லை, எல்லா மூடியும் வெள்ளை.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு விண்ணப்பமும் உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது, பாட்டிலை வெந்நீர் மக்கில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூலிகை எண்ணெய் செய்யும் சின்னக் கம்பெனிகள் குறுகிய கழுத்துப் பாட்டிலையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கேட்டால் அதுதான் மலிவு என்கிறார்கள். அகல வாய் டப்பா முழு அளவில் வந்தால் விரலால் எடுக்கலாம், அடுக்கவும் செய்யலாம். ஒகேனக்கலில் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள், எண்ணெய் வழுக்கும் கையோடும் ஈரப் பாறையோடும் நாள் முழுக்கப் பாட்டிலைப் பிடிப்பவர்கள். ஈரத்தில் பாட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமென்றால் ஏசி அறையில் இருக்கும் உங்கள் ஆட்களை விட அவர்களைக் கேட்பது மேல்.

உங்கள் பதில்களும் எனக்குத் தெரியும். வடிவம்தான் எங்கள் அடையாளம், எல்லாப் பாட்டிலும் சதுரமானால் கடையில் எங்களை யார் கண்டுபிடிப்பார்கள் என்பீர்கள். அடியில் ஒரு விரல் உயரமும் மூடியின் தலையும்தான் நான் கேட்கிறேன், நடுவில் இடுப்பு வளைத்துக்கொள்ளுங்கள், நிறம் உங்களுடையது, லேபிள் உங்களுடையது, சதுரத்தைத் தாண்டி வெளியே பிதுங்காமல் இருந்தால் போதும். சதுரப் பாட்டிலில் மூலை மெலிந்துபோகும், லேபிள் ஒட்டும் இயந்திரம் உருண்டையைத்தான் உருட்டி ஒட்டும் என்பீர்கள். இது நியாயமான பேச்சு, அதனால்தான் மூலையை மழுக்கச் சொன்னேன். உடல் உருண்டையாகவே இருந்து வளையம் மட்டும் சதுரமாக இருந்தாலும் எங்களுக்குப் போதும், இடுக்கு கொஞ்சம் வீணாகும், பாட்டில் விழாது. புது அச்சுக்கு லட்சக்கணக்கில் செலவு என்பதும் உண்மை. ஆனால் அச்சுகள் தேய்ந்து எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், மாற்றும்போது மாற்றுங்கள்.

பெரிய கம்பெனிகள் கூடிப் பேசி முடிவெடுக்கும் வரை காத்திருக்கவும் எனக்கு விருப்பமில்லை. வீட்டில் சோப்பும் எண்ணெயும் செய்து விற்கும் பெண்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் அச்சு செய்வதில்லை, சென்னை பாரிமுனையிலோ பெங்களூரு சிக்பேட்டை பக்கமோ ரெடியாக இருக்கும் பாட்டிலை மொத்தமாக வாங்கி நிரப்புகிறார்கள். அந்த ரெடி பாட்டில் செய்பவர்களில் நாலு பேர் முழு, அரை, கால் என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தால் நூற்றுக்கணக்கான சின்ன பிராண்டுகள் தாமாகவே அந்த அளவுக்கு வந்துவிடும். ஓசூரில் வாட்ச், வண்டி, லாரி என்று மைக்ரான் கணக்கில் வேலை செய்து பழகிய பட்டறைகள் இருக்கின்றன, ஒரு பிளாஸ்டிக் வளையம் அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. சின்னவர்கள் ஆரம்பித்தால் ஆகுமா என்று கேட்காதீர்கள். ஷாம்பைச் சின்ன உறையில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர்களில் முன்னோடி கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி அதே சாஷேயில் சிக் ஷாம்பைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பெரிய கம்பெனிகள் பின்னால்தான் வந்தன. அந்தச் சாஷே குப்பை இன்று எந்த ஏரிக்கரையில் கிடக்கிறது என்பது வேறு பேச்சு, அதையும் ஒருநாள் பேச வேண்டும்.

அரசாங்கம் கட்டாயப்படுத்தட்டும் என்று நான் கேட்கவில்லை, இப்போதைக்கு. கைபேசி சார்ஜரில் நடந்தது நினைவிருக்கும். ஆளுக்கு ஒரு முனை என்று பல வருடம் இழுத்தடித்தார்கள், கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதுக் கைபேசிக்கெல்லாம் யுஎஸ்பி-சி என்று ஆக்கிவிட்டது. அந்த நிலைமை வரும் முன்பே நீங்களாகப் பேசிக்கொண்டால் அளவை நீங்களே முடிவு செய்யலாம், யாரோ ஒரு அதிகாரி முடிவு செய்ய மாட்டார்.

மாதிரி ஏதாவது செய்தால் எங்களைப் போன்ற பார்லர்களுக்கு அனுப்பிவையுங்கள், காசு வேண்டாம், சோதித்துச் சொல்கிறோம். எண்ணெய்க் கையால் ஒற்றைக் கையில் கழற்றிப் பார்ப்போம், அடுக்கை மேக்கப் பெட்டியில் வைத்து ஊத்தங்கரைக்கு டவுன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவருவோம், சித்திரை வெயிலில் பூட்டிய கடைக்குள் ஒரு வாரம் விட்டுவிட்டு வளையம் இளகியதா என்று பார்ப்போம். இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் மாதிரியாக அனுப்புங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு பாட்டில் ஒட்டிக்கொள்கிறதா என்று சோதிக்க நான் தேவையில்லை.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பார்லர்காரி